மூளை அலைப் பரிசோதனை: கருவி சொல்வதும் நாம் சொல்ல வேண்டியதும்

(மைசூரில் நடைபெற்ற நம் சங்க உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. வெளியூர் அன்பர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



நான் டாக்டர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே மைசூரில் ஓர் ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில், 1982 முதல் 2014 வரை முப்பத்திரண்டு வருஷம் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படத்தை எடுப்பது எங்கள் வேலை. அதைப் படித்து முடிவு சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் பதிவு அறையில் நோயாளியோடும், கூட வந்தவர்களோடும் முக்கால் மணி நேரம் இருப்பவர்கள் நாங்கள்தான். டாக்டரிடம் சொல்லத் தயங்கியதை எங்களிடம் சொல்வார்கள். கேட்கத் தயங்கியதையும் எங்களிடம்தான் கேட்பார்கள்.

"ஷாக் அடிக்குமா?" "என் பையன் மனசில் என்ன இருக்கிறது என்று இதில் தெரியுமா?" "பொய் சொன்னால் காட்டிக் கொடுக்குமா?" "புத்தி மட்டு என்று எழுதிவிடுவார்களா?" "இது ரிப்போர்ட்டில் வந்தால் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகுமா?" முப்பத்திரண்டு வருஷமும் இந்த ஐந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்தன. இன்றைக்கு அவற்றுக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

தந்தியில் பிறந்த ஆராய்ச்சி

மிருகங்களின் மூளையில் மின்சாரம் இருக்கிறது என்பதை இங்கிலாந்தில் லிவர்பூலைச் சேர்ந்த ரிச்சர்ட் கேட்டன் என்ற டாக்டர் 1875-லேயே கண்டுபிடித்துவிட்டார். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924-ல் பதிவு செய்தார். தன் கண்டுபிடிப்பின் மேல் தனக்கே சந்தேகம் தீராமல் ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சோதித்து, 1929-ல்தான் வெளியிட்டார்.

அவர் இதில் இறங்கிய கதை சுவாரசியமானது. வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து க்ஷேமம் விசாரித்துத் தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று தூரத்தில் இருந்த அக்காவின் மனசில் பட்டதாம். ஒரு மூளையின் எண்ணம் இன்னொரு மூளைக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்வி அவரை விடவில்லை. அதைத் தேடிப் போனவருக்கு மூளை அலைகள் கிடைத்தன. ஆனால் எண்ணத்தைப் படிக்கும் வழி கடைசி வரை கிடைக்கவில்லை. கண்டுபிடித்தவருக்கே கிடைக்காத அது, இத்தனை வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரி ஈ.ஈ.ஜி. மிஷினுக்குக் கிடைக்கவில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுவே பதில்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

ஷாக் அடிக்காது. மிஷின் உள்ளே மின்சாரம் எதையும் அனுப்புவதில்லை. நம் மூளையிலிருந்து வருவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதுவும் எத்தனை சொற்பம் தெரியுமா? டார்ச்சுக்குப் போடும் பென் பாட்டரி ஒன்றரை வோல்ட். மூளை அலை சுமார் ஐம்பது மைக்ரோவோல்ட், அதாவது அந்த பாட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் முதல் நாளே தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தடவாமல் வரச் சொல்கிறோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. நம் மாமிகள் "ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல் எப்படி வெளியே வருவது" என்று கொஞ்சம் தடவிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்புறம் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதற்கே பத்து நிமிஷம் ஆகும்!

தலையை டேப்பால் அளந்து, உலகம் முழுவதும் ஒரே முறையில், இருபத்தோரு இடங்களில் பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடுகளை ஒட்டுவோம். கண்ணை மூடு, திற என்போம். மூன்று நிமிஷம் ஆழமாக மூச்சு விடச் சொல்வோம். கண் எதிரே விளக்கை வேகவேகமாக விட்டுவிட்டு எரிய வைப்போம். சிலரை முதல் நாள் இரவு தூங்காமல் வரச் சொல்லி, இங்கே தூங்க வைத்துப் பதிவு செய்வோம். ஒளிந்திருக்கும் கோளாறு இந்த நேரங்களில்தான் சில சமயம் தலை காட்டும்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் திரை. நான் சேர்ந்த காலத்தில் பேனா முட்கள் ஓடும் காகிதம். வினாடிக்கு 30 மில்லிமீட்டர் வேகத்தில், அரை மணிக்கு 54 மீட்டர் காகிதம் ஓடும். ஆறு ஒன்பது கஜப் புடவைகளை நீளவாட்டில் போட்டாலும் அதைவிடக் குறைவு. டாக்டர் அத்தனையையும் ஒரு பக்கம் விடாமல் புரட்டுவார்.

அலைகள் என்ன காட்டும்?

விழிப்போடு கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது தலையின் பின்பக்கத்தில் வினாடிக்கு 8 முதல் 13 வரை வருவது ஆல்ஃபா அலை. கண்ணைத் திறந்தால் மறையும். அதைவிட வேகமானது பீட்டா. 4 முதல் 8 வரை தீட்டா. அதற்கும் மெதுவானது டெல்டா. ஆழ்ந்த தூக்கத்தில் டெல்டா வருவது இயல்பு. விழித்திருக்கும் பெரியவருக்கு அதே டெல்டா வந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தியானம் செய்தால் ஆல்ஃபா பெருகும் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆதாரம் உண்டு. தில்லி எய்ம்ஸில் பி.கே. ஆனந்த், ஜி.எஸ். சின்னா, பல்தேவ் சிங் ஆகிய மூவரும் யோகிகளுக்கு ஈ.ஈ.ஜி. எடுத்து 1961-ல் வெளியிட்டார்கள். சமாதி நிலையில் வெளிச்சம், சத்தம், சூடு எதைக் காட்டினாலும் அவர்களுடைய ஆல்ஃபா கலையவில்லை. இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்ந்த நீரில் முக்கால் மணிக்கு மேல் கையை வைத்திருந்தார்கள். அப்போதும் ஆல்ஃபா நிலைத்திருந்தது. கவனியுங்கள்: அவர்கள் அசையாமல் இருந்தார்கள் என்பதை மிஷின் காட்டிற்று. மனசில் என்ன மந்திரம் ஓடிற்று என்பதை அது காட்டவில்லை.

ஸ்கேன் என்பது வீட்டின் பிளான் மாதிரி. சுவர் எங்கே, விரிசல் எங்கே என்று சொல்லும். ஈ.ஈ.ஜி. அந்த வீட்டில் கரண்ட் எப்படி ஓடுகிறது என்று சொல்லும். மயக்கத்தில் இருப்பவரின் மூளை எந்த நிலையில் இருக்கிறது, ஈரல் கெட்டதால் மூளை மந்தமாகியிருக்கிறதா, தூக்கத்தில் என்ன கோளாறு என்பதற்கெல்லாம் பயன்படும். புத்திக்கு மார்க் போடாது. எல்லாவற்றையும்விட அதிகம் உபயோகப்படுவது வலிப்பு விஷயத்தில்.

ஓர் உதாரணம். எட்டு வயதுப் பெண் குழந்தை. வகுப்பில் பத்து வினாடி வெறித்துப் பார்க்கிறாள். கூப்பிட்டால் பதில் இல்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போல் எழுதத் தொடங்குகிறாள். டீச்சர் "பகல் கனவு" என்று திட்டுகிறார், அம்மா "கவனம் இல்லை" என்று அடிக்கிறாள். எங்கள் அறையில் மூச்சை இழுத்து விடச் சொன்ன இரண்டாவது நிமிஷத்தில் குழந்தை அப்படியே நிற்க, வினாடிக்கு மூன்று வீதம் கூர்முனையும் அலையுமாகக் காகிதம் நிறைந்துவிடும். அமெரிக்காவில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் 1935-லேயே எழுதி வைத்த அடையாளம் அது. மாத்திரையில் கட்டுப்படக்கூடிய வலிப்பு வகை. கூட நின்ற அம்மா "இதுக்கா அடிச்சேன்" என்று அழுததை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன்.

நார்மல் என்று வந்தால்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். வலிப்பு உள்ளவர்களுக்கே ஒரு தடவை ஈ.ஈ.ஜி. எடுத்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் அடையாளம் தெரியும். தூக்கத்தோடு சேர்த்துத் திரும்ப எடுத்தால் இன்னும் சிலருக்குத் தெரியும். சிலருக்கு எத்தனை எடுத்தாலும் நார்மல்தான். அந்த அரை மணியில் மூளை எப்படி இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. நேற்று ராத்திரி என்ன நடந்தது என்பதற்கு வீட்டில் பார்த்தவர்தான் சாட்சி.

இதை எனக்குப் புரிய வைத்தவர் மார்டள்ளி கிராமத்துப் பாட்டி ஒருவர்.

மார்டள்ளி, மாதேஸ்வரன் மலைப் பக்கம், தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் உள்ள ஊர். கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூருக்கு வந்தது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆகும் வரை அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஜில்லா தலைநகரம் மைசூர்தான். பெரிய வைத்தியம் என்றால் கொள்ளேகாலில் பஸ் மாறி இங்கேதான் வருவார்கள். பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால், அவர்கள் வந்தால் டாக்டர் என்னைக் கூப்பிடுவார்.

1994-ஆம் வருஷம். பன்னிரண்டு வயதுப் பையன், அவன் அப்பா, பாட்டி. கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்குச் சந்தைக்குப் போய் வந்த கன்னடம் தெரியும். பாட்டிக்குத் தமிழ் மட்டும். பையனுக்கு எட்டு மாதமாக ஃபிட்ஸ். ஈ.ஈ.ஜி. எடுத்தோம். துளி கோளாறு இல்லை. அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் வாடிவிட்டது. "படத்துல ஒண்ணும் இல்லேன்னா, அப்ப ஊர்ல சொல்றது நிஜந்தானுங்களா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். ஊரில் என்ன சொல்கிறார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில்தான் பையனுக்கு வருகிறது. அதனால் ஏதோ கெட்டது அவனைக் கோயிலுக்குப் போக விடாமல் தடுக்கிறது என்று.

டாக்டர் காகிதத்தை மூடி வைத்துவிட்டு, "கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்வான், ஒவ்வொன்றாகக் கேளுங்கள்" என்றார். பாட்டியைக் கேட்டேன்.

"என்னத்தை செய்வான் டாக்டரம்மா? எந்திரிப்பான், குளிப்பான், சொக்கா போடுவான்."

"நான் டாக்டர் இல்லை பாட்டி. அவனே குளிப்பானா?"

"மத்த நாள்ல அவனே பச்சத் தண்ணி மேலுக்கு ஊத்திக்குவான். ஞாயித்துக்கெழம நான்தான் தலைக்கு ஊத்துவேன். அண்டாவுல நல்லாக் கொதிக்கக் காய வெச்சு வெளாவி, சொம்பு சொம்பா மடமடன்னு ஊத்துனாத்தான அழுக்குப் போகும்?"

"ஃபிட்ஸ் எப்போது வருகிறது?"

பாட்டி யோசித்தார். "ஊத்தி முடிக்கிறதுக்குள்ள கண்ணு ஒரு மாதிரி போயிரும். அந்தத் தண்ணியிலயே சாஞ்சிருவான்."

நான் கன்னடத்தில் சொல்லி முடிக்கும் முன்பே டாக்டர் எழுதத் தொடங்கிவிட்டார். 54 மீட்டர் காகிதம் சொல்லாததைப் பாட்டி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

வெந்நீர் வலிப்பு

இதற்கு வெந்நீர் வலிப்பு என்றே பெயர். 1945-ல் நியூஸிலாந்தில் முதலில் எழுதப்பட்டது. துருக்கி, ஜப்பான் முதலிய தேசங்களிலும் உண்டு. ஆனால் உலகத்திலேயே மிக அதிகமாகக் காணப்படுவது தென்னிந்தியாவில், அதிலும் மைசூர், மண்டியா வட்டாரத்தில். பெங்களூர் நரம்பியல் நிபுணர் டாக்டர் கே.எஸ். மணியும் சக டாக்டர்களும் 1968-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். 1974-ல் 108 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 1988-ல் நிம்ஹான்ஸ் டாக்டர் சதீஷ்சந்திராவும் குழுவினரும் 279 பேரைப் பற்றி எழுதினார்கள். டாக்டர் மணியின் குழு பிற்பாடு கொள்ளேகாலுக்குப் பக்கத்துத் தாலுகாவான யளந்தூரில் ஏறத்தாழ அறுபத்தைந்தாயிரம் பேர் கொண்ட ஜனத்தொகையில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது. ஆயிரத்துக்கு நாலைந்து பேருக்கு ஏதாவது ஒரு வகை வலிப்பு இருந்தது. அவர்களில் சிலருக்கு இந்த வெந்நீர் வலிப்பு. ஃபினோபார்பிடோன், ஃபினிடாயின் போன்ற விலை குறைந்த பழைய மாத்திரைகளைக் கொண்டே கிராமத்தில் வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று அவர்கள் 2001-ல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்.

காரணம் என்ன? 40 டிகிரிக்கு மேல் சூடான நீரைத் தலையில் வேகமாக, இடைவிடாமல் ஊற்றும்போது சிலருடைய மூளை அதைத் தாங்குவதில்லை. குடும்பத்தில் வேறு சிலருக்கும் இருப்பதால் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆண்களுக்கு அதிகம். குளிக்காத நேரத்தில் எடுத்த ஈ.ஈ.ஜி. இவர்களில் பெரும்பாலோருக்கு நார்மலாகவே இருக்கும். ஈரத் தலையில் எலக்ட்ரோடு வைத்து, வெந்நீர் ஊற்றும்போதே பதிவு செய்வது சுலபமும் அல்ல.

நம் வீடுகளில் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானமும், தீபாவளிக் காலையில் வெந்நீர் ஸ்நானமும் விடாமல் நடக்கிறவை. யாருக்காவது தலைக்கு ஊற்றும்போது கண் நிலைகுத்துவது, பேச்சுக் குழறுவது, மறுபடி மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பது, மயங்குவது என்று இருந்தால் "பித்தம்" என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீரின் சூட்டைக் குறைக்க வேண்டும். தலையில் நேராகக் கொட்டாமல் ஈரத்துணியால் துடைத்துக் குளிக்கலாம். கதவைத் தாழ்ப்பாள் போடக்கூடாது. சிலருக்குத் தலைக்குக் குளிப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிட ஒரு மாத்திரை தருவார்கள். ஒரு பகுதியினருக்கு நாளடைவில் குளிக்காதபோதும் வலிப்பு வரும் என்பதால் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக்கூடாது.

மார்டள்ளிப் பையன் சூடு குறைத்துக் குளித்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சாப்பிட்டான். அடுத்த வருஷம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, ஊரில் வாயை மூடிவிட்டார்கள் என்று அவன் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

கல்யாண விஷயம்

இப்போது ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன். இதை நம் சங்கத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் வந்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவர்கள் கல்யாணத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் என்று, சித்தபிரமை உள்ளவர்களோடு அவர்களையும் சேர்த்துவிட்டார்கள். 1999-ல் இன்னொரு திருத்தத்தால் வலிப்பு என்ற சொல் நீக்கப்பட்டது. ஆகவே இன்று சட்டத்தில் தடை ஏதும் இல்லை. தடை நம் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஜாதகப் பொருத்தம் பத்துக்கு எட்டு என்று கணக்குப் போடும் நாம், இந்த ஒன்றை மட்டும் இரண்டு பக்கமும் வாய் திறக்காமல் தாண்டப் பார்க்கிறோம்.

நான் பார்த்த ஒரு பெண். நம்மவர்தான், பெயரும் ஊரும் வேண்டாம். இருபத்துநாலு வயது, நல்ல படிப்பு, நல்ல வேலை. கல்லூரி நாளிலிருந்தே காலையில் எழுந்ததும் கை வெட்டி இழுத்துக் காபி டம்ளர் தெறிக்கும். பரீட்சைக்குக் கண் விழித்த மறுநாள் ஒரு தடவை பெரிய ஃபிட்ஸும் வந்தது. இளம் வயதில் தொடங்கும் வலிப்பில் இது நன்கு தெரிந்த வகை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அடங்கியிருக்கும். நிறுத்தினால் திரும்பி வருவது சகஜம். தூக்கம் கெட்டாலும் வரும்.

கல்யாணம் நிச்சயமாயிற்று. பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை. புக்ககத்தில் யாரும் பார்க்கக்கூடாது என்று மாத்திரையை எடுத்துப் போகவும் விடவில்லை. ஜானவாசம், முகூர்த்தம், நலங்கு என்று மூன்று நாள் தூக்கம் இல்லை. நாலாம் நாள் காலை மாமியார் வீட்டுச் சமையலறையில் விழுந்தாள். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததால் பிழைத்தாள். அவளை அழைத்து வந்தது மாமியார்தான். எலக்ட்ரோடு ஒட்டும்போது அந்த அம்மாள் என்னிடம் சொன்னார்: "எந்த வேளைக்கு எந்த மாத்திரைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே."

எல்லா மாமியாரும் அப்படிச் சொல்வார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னதால் நின்ற சம்பந்தங்களும் எனக்குத் தெரியும். அந்தத் துக்கம் நிஜமானது. ஆனால் மறைத்துச் செய்த கல்யாணத்தில் முதலில் நிற்பது மாத்திரை. மாத்திரை நின்றால் நோய் தானே வந்து சொல்லிவிடும், அதுவும் அடுப்பங்கரையிலோ மாடிப்படியிலோ. பிற்பாடு, உண்மையை மறைத்தார்கள் என்று வழக்கு வந்தாலும் பெண் தரப்புக்குச் சங்கடமே. வலிப்பு உள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளைப் பெறுகிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் 1998 முதல் இதற்கென்றே ஒரு பதிவேடு வைத்துப் பின்தொடர்ந்து வருகிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே மாற்ற வேண்டிய மாத்திரைகள் சில உண்டு. வால்ப்ரோயேட் அவற்றில் முக்கியமானது. தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டு மாற்ற வேண்டும். ரகசியமாக மாத்திரை விழுங்குகிறவள் யாரோடு போய் டாக்டரைக் கேட்பாள்?

பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் நம்பி வந்து சொன்னால், "யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டு ஊரெல்லாம் பரப்பாதீர்கள். சொன்னவரைத் தண்டித்தால், அடுத்தவர் மறைக்கத்தான் செய்வார்.

பொய் கண்டுபிடிக்குமா?

மூளை அலையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதாகச் செய்தி வந்தபோது நம் பிரிவுக்கே போன் செய்து கேட்டவர்கள் உண்டு. நமக்குப் பரிச்சயமான ஒன்றைப் பார்த்ததும் ஒரு வினாடியின் பத்தில் மூன்று பங்கு நேரத்தில் மூளையில் ஒரு சிறு அலை எழும். அதை வைத்து அமெரிக்காவில் ஒரு முறையைச் செய்தார்கள். நிம்ஹான்ஸில் பேராசிரியராக இருந்த சி.ஆர். முகுந்தன் வேறொரு முறையை உருவாக்கினார். 2008-ல் புனேயில் ஒரு செஷன்ஸ் கோர்ட் மற்றச் சாட்சியங்களோடு இந்தச் சோதனையின் முடிவையும் ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. அது உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அதே வருஷம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இவற்றுக்குப் போதிய விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

பிறகு 2010 மே 5-ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மூன்று நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. உண்மை மருந்து ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. செய்தால், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சட்ட உரிமைக்கு அது விரோதம்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் அறையில் உட்கார்ந்த அனுபவத்தில் அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. நோயாளி தலையைச் சொறிந்தால் படம் மாறும். பல்லைக் கடித்தால், கண் சிமிட்டினால், பயந்தால், தூங்கினால் மாறும். இவ்வளவு சஞ்சலம் உள்ள ஒரு கோட்டை வைத்து ஒருவர் நெஞ்சில் புதைத்ததைத் தோண்டுவது எப்படி?

நாம் செய்ய வேண்டியது

வீட்டில் யாருக்காவது ஃபிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூனோ விரலோ வைக்காதீர்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு கொடுப்பதால் பயன் இல்லை. ஃபிட்ஸ் தானாக நிற்கிற நேரத்தில் சாவிக்குப் பெயர் போய்விடுகிறது. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. ஒருவர் கவனித்துக்கொள்ளும்போது இன்னொருவர் செல்போனில் வீடியோ எடுங்கள். அந்த அரை நிமிஷ வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி.

பரிசோதனைக்குப் போகும்போது ஃபிட்ஸை நேரில் பார்த்தவரை அழைத்துப் போங்கள், அவர் சமையல்கார மாமியாக இருந்தாலும் சரி. எந்தக் கை முதலில் இழுத்தது, தலை எந்தப் பக்கம் திரும்பிற்று, எந்த நேரம், முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், தூக்கம் எப்படி, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மாத்திரைகளை நிறுத்தாமல் வழக்கம் போல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருந்தால் வைத்தியத்தை நீங்களாக விட்டுவிடாதீர்கள். ஏதோ சிறு கோளாறு என்று எழுதியிருந்தால் அதை மட்டும் பார்த்து நடுங்கவும் வேண்டாம். ஒரு நாளும் வலிப்பு வராத சிலருக்கும் அப்படி வருவதுண்டு. டாக்டர் வைத்தியம் செய்வது மனிதருக்கு, காகிதத்துக்கு அல்ல.

நாம் சொன்னதை உறுதிப்படுத்த மிஷின் உதவும். நாம் மறைத்ததை அது தேடி எடுத்துக் கொடுக்காது. டாக்டரிடம் ஒன்றையும் மறைக்க வேண்டாம். சம்பந்தம் செய்யும் இடத்திலும் மறைக்க வேண்டாம் என்பதே உங்கள் அனைவரிடமும் என் பிரார்த்தனை.

 கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். எல்லோர் முன்னிலும் கேட்கத் தயங்குகிறவர்கள் டிபன் நேரத்தில் தனியாக என்னிடம் வரலாம். நான் கடைசி வரை இங்கேதான் இருப்பேன்.